555 புத்தகத்தில் ஒரு திடல்

ஈஜோக் முச்சந்தியிலிருந்து மூன்று மைல் உள்ளே, செம்மண் சாலை முடிகிற இடத்தில் எங்கள் தோட்டத்துத் திடல் இருந்தது. ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், எதிர்ப்பக்கம் கள்ளுக்கடை, மேற்கே பால் ஸ்டோர், கிழக்கே நாங்கள் குடியிருந்த லயம். கோல் கம்பங்கள் நிபோங் மரத்தில் செய்தவை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அடி இற்றுப்போகும். சதுப்பு ஓரம் போய்ப் புதிதாக வெட்டிக்கொண்டு வந்து நடுவார்கள். மழைக்காலத்தில் கிழக்கு கோல் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கம் விழுகிற பாதிக்கு எங்கள் ஆட்கள் ஒரு பாடமே கற்று வைத்திருந்தார்கள்: பந்தை உருட்டக் கூடாது, தூக்கித்தான் அடிக்க வேண்டும்.

நான் 1955இல் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். தமிழ்ப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்தேன். அதில் பெரும்பகுதி உடற்கல்வியும் என் பொறுப்பில்தான். விளையாட்டுக்கு அரசாங்கம் எப்படிச் செலவு செய்தது, அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே வந்து சேரவே இல்லை என்பதை எழுத எனக்கு ஆவணம் என்று ஒன்று உண்டு. அது ஒரு 555 கணக்குப் புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற, சட்டைப் பையில் அடங்குகிற அதே சின்னப் புத்தகம்தான்.

எங்கள் அணியின் கோல்கீப்பர் எனக்குத் தாய்மாமன் முறை. சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில், சம்பளத்தை எண்ணிக்கொண்டு இறங்குகிறவர்கள் கண்ணில் படும்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு வீட்டுக்கு ஐம்பது காசு. கல்யாணமாகாத ஆட்டக்காரர்களுக்கு ஒரு வெள்ளி. கொடுத்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு, கொடுக்காதவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. புள்ளி விழுந்தவரைப் பார்த்து, "என்ன மச்சான், இந்த மாசம் பந்துக்குக் காத்து வேணாமா?" என்று கேட்பார். அடுத்த மாதம் அந்த ஆள் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். செலவுப் பக்கத்தில், கிள்ளானில் வாங்கிய தோல் பந்து, பந்துக்குள் போடும் ரப்பர் பை, கோடு போட்ட சுண்ணாம்பு, லோரி வாடகை, எதிர் அணிக்குத் தேத்தண்ணி, பிஸ்கட் என்று வரிசையாக இருக்கும். கோயில் நிதியிலிருந்து திருவிழாவுக்கு மறுநாள் விளையாட்டுப் போட்டிக்கு இருபது வெள்ளி வரும். அதில்தான் சாக்கு ஓட்டத்துக்கும் எலுமிச்சம்பழக் கரண்டிக்கும் பரிசாக மங்குத் தட்டு வாங்குவார்கள்.

புத்தகத்தை முழுக்கப் பார்த்துவிட்டேன். தோட்ட நிர்வாகம் கொடுத்ததாக வருடத்துக்கு ஒரு வரவு இருக்கிறது. அரசாங்கம் கொடுத்ததாக ஒரு வரியும் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அரசாங்கத்திடம் பந்து கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. தோட்டம் தனி ராஜ்யம். ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகிற பக்கம் தென்னமரம் எஸ்டேட் இருக்கிறது. 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வாணிக அளவில் செம்பனை நட்ட இடம் அது. பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசையும் வாங்கினார். தோட்டத்தின் பெயர் தமிழ், உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், ஆண்டவர்கள் துரைமார்கள். துரைமார்களின் விளையாட்டுக்கு 1884இலிருந்தே கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப்பும் அதன் முன்னால் கிரிக்கெட் ஆடப் பச்சைத் திடலும் இருந்தன. தொழிலாளிக்குக் கிடைத்தது, மரம் நடாமல் விட்ட ஒரு துண்டு நிலம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற விதியை நீக்கக் கேட்டதும் கோரிக்கைகளில் ஒன்று. அப்படி இருந்த இடத்தில், பதினொரு பேர் சட்டையில் எண் தைத்துக்கொண்டு, கிராணிமார் பார்க்க நெஞ்சை நிமிர்த்தி ஓடிய ஒரே இடம் திடல்தான். விளையாட்டுக்கு மேலான ஒன்று அங்கே நடந்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

1966 டிசம்பர். பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே போட்டியில் டாக்டர் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம். ஒட்டுக்கடையில் அப்பா தமிழ் நேசனை உரக்கப் படித்தார். ராஜாமணி அதற்கு இரண்டு வருடம் முன்பே டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். தமிழ்ப் பெயருள்ள ஒரு பெண், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, உலகம் பார்க்க ஓடியிருக்கிறாள். லயத்தில் இருந்த பாட்டிகளுக்கு அது அதிசயம், எனக்குக் கட்டளை. மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு அப்பா கிளம்பும்போதே நானும் எழுந்து திடலைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். காலில் ஒன்றும் கிடையாது. கோயில் மூலையில் முள் இருக்கும் என்பதால் அங்கே மட்டும் வெளி வட்டம் எடுப்பேன்.

பின்னால் எனக்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். 1971இல் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது மாவட்டப் பள்ளிகளுக்கான போட்டியில் 400 மீட்டரில் இரண்டாவதாக வந்தேன். பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். பயிற்சி பட்டணத்தில், வார நாள் மாலையில். எங்கள் தோட்டத்துச் சாலைக்கு ஐந்து மணிக்குப் பிறகு பஸ் கிடையாது. அப்பா இரண்டு வாரம் சைக்கிளில் வந்து முச்சந்தியில் காத்திருந்து அழைத்துப் போனார். மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல். அதோடு நின்றுவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் என்னைத் தேடவும் இல்லை.

அந்த 1971ஆம் ஆண்டில்தான் தேசிய விளையாட்டு மன்றச் சட்டம் வந்தது. மறு வருடம் மன்றத்தைத் திறந்து வைத்தவர் பிரதமர் துன் அப்துல் ரசாக். அவரே துணைப் பிரதமராக இருந்தபோது, 1960 வாக்கில், சிவப்புப் புத்தகம் என்ற திட்டப் புத்தகத்தை மாவட்டந்தோறும் கொடுத்து, கம்பத்துக்குச் சாலை, தண்ணீர், பொது மண்டபம், திடல் என்று கிராம மேம்பாட்டை முடுக்கிவிட்டவர். நாடு முழுக்கக் கம்பங்கள் அதனால் மேலே வந்தன, அதை மனமாரப் பாராட்டுகிறேன். தோட்டம் மட்டும் அந்தப் புத்தகத்துக்குள் வரவில்லை. காரணம் எளிது: தோட்டம் தனியார் நிலம், கம்பெனிக்குச் சொந்தம், அங்கே உள்ள குறைக்குக் கம்பெனி பொறுப்பு. அரசின் கணக்கில் நாங்கள் கிராமமும் இல்லை, பட்டணமும் இல்லை.

என் பேச்சின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. அடித்தட்டு விளையாட்டா, உச்சி விளையாட்டா, பணம் எதற்கு முதலில் என்று இன்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். எங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி எழும் முன்பே விடை முடிவாகிவிட்டது. உச்சிக்கு ஒரு சட்டமும் ஒரு மன்றமும் ஒரு நிதியும் கிடைத்தன. அடித்தட்டில் கம்பத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது, பள்ளிக்கு ஒரு மானியம் இருந்தது, தோட்டத்துக்கு மாமாவின் 555 புத்தகம் இருந்தது. பள்ளி மானியத்திலும் எங்களுக்கு முழுப் பங்கு இல்லை. பெரும்பாலான தமிழ்ப் பள்ளிகள் தோட்ட நிலத்தில் நின்றதால் பகுதி உதவி பெறும் பள்ளிகள்தான். நிலம் அரசுடையது இல்லை என்றால் கட்டடத்துக்கும் திடலுக்கும் அரசுப் பணம் தாராளமாக வராது. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன, இன்று ஏறக்குறைய 530. மூடப்பட்டவற்றோடு போன திடல்களை யாரும் எண்ணவில்லை.

இதில் ஒன்றை நினைத்தால் இன்னும் வலிக்கும். 1969இல் அரசாங்கம் ஸ்போர்ட்ஸ் டோட்டோ லாட்டரியைத் தொடங்கியது, விளையாட்டுக்கும் இளைஞருக்கும் பண்பாட்டுக்கும் நிதி திரட்டத்தான். பெயரிலேயே விளையாட்டு இருக்கிறது. 1985இல் அது தனியார் கைக்குப் போனது. அப்பா சம்பள வாரம் தவறாமல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போய் டோட்டோ சீட்டு எடுப்பார். மாமாவின் புத்தகத்தில் ஐம்பது காசு, டோட்டோவில் ஒரு வெள்ளி. நாட்டின் விளையாட்டுக்கு அப்பா இரண்டு வழியில் பணம் கட்டியிருக்கிறார். அதில் ஒரு வழி மட்டும் எங்கள் திடலுக்கு வந்தது.

திடலில் ஆட ஆளில்லாமல் போனதும் அந்த வருடங்களில்தான் தொடங்கியது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 1969 முதல், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆனது. குடியுரிமைக்கு மனுப் போடாமல் விட்டவர்கள், போட்டும் கிடைக்காதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாததால் எந்தக் காகிதம் எதற்கு என்று தெரியாதவர்கள் என்று எத்தனையோ பேர். சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். எங்கள் அணியில் இருந்து நான்கு பேர். சென்டர் ஹாஃப் ஆடிய அண்ணன் போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பல் ஏறிய அன்று மாமா புத்தகத்தில் ஒரு செலவு எழுதியிருக்கிறார்: "மாலை, 2 வெள்ளி." அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தான் பக்கத்து அணியோடு ஒன்பது பேரை வைத்து ஆடினோம். எதிர் அணியிலும் ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

பிறகு செம்பனை. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டால் ஆள் குறைவாகப் போதும். லயத்தில் வீடுகள் காலியாகின. பையன்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். ஞாயிறு ஓவர்டைம். திடலின் கிழக்குப் பாதியில் முதலில் நாற்று மேடை போட்டார்கள், தற்காலிகம் என்று சொன்னார்கள்.

1988இல் தேசிய விளையாட்டுக் கொள்கை வந்தபோது நான் ஆசிரியை. அதை வாங்கி முழுதும் படித்தேன். மக்கள் விளையாட்டையும் உயர்திறன் விளையாட்டையும் ஒரே மூச்சில் பேசுகிறது. எழுத்தில் குறை காண முடியாது. பணம் நடந்த பாதையைப் பார்த்தால்தான் வித்தியாசம். 1986இல் சுக்மா விளையாட்டுப் போட்டி, 1993இல் காமன்வெல்த் போட்டிக்காக ஜெயா 98 திட்டம், 1996இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, 1998இல் அதே புக்கிட் ஜாலிலில் ஒரு லட்சம் பேர் அமரும் தேசிய அரங்கம். நடுவே 1994இல் இளைஞர்களுக்கு ரக்கான் மூடா திட்டம் வந்தது. 2015 முதல் அக்டோபரில் தேசிய விளையாட்டு தினமும் வந்தது. ஒரு நாள் எல்லாரும் நடப்பார்கள், பனியன் கொடுப்பார்கள். திடல் கொடுப்பது வேறு வேலை.

1998 செப்டம்பரில் நடந்ததையும் மறைக்க மாட்டேன். ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கினார், காமன்வெல்த் திடல்தடப் போட்டிகளில் மலேசியாவின் முதல் தங்கம். தொலைக்காட்சி முன் நின்று அழுதேன். அந்தக் காமன்வெல்த் போட்டியில் மலேசியா 10 தங்கம் வாங்கியது, ஒவ்வொன்றும் எனக்கும் சொந்தம். உச்சிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறவள் நான் இல்லை. ராஜாமணி ஓடாவிட்டால் நான் ஓடியிருக்க மாட்டேன். ஒரு பிள்ளைக்குக் கனவு வேண்டும், அது உச்சியில் இருந்துதான் தெரியும். ஆனால் சரவணன் தங்கம் வாங்கிய வாரம் நான் வேலை பார்த்த பள்ளியில் திடல் கிடையாது. விளையாட்டு தினப் பயிற்சிக்குப் பிள்ளைகளைச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி போகிற சாலையில்தான் ஓடவிட்டோம். இரண்டு முனையிலும் ஓர் ஆசிரியர் சிவப்புத் துணியோடு நிற்பார். சரவணன் மாதிரி நடக்கிறேன் என்று இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து காட்டிய ஒரு பையன், லோரிச் சத்தம் கேட்டதும் கால்வாய்க்குள் குதித்தது கண்ணில் நிற்கிறது.

இன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினால் பத்து லட்சம் வெள்ளி, ஆயுள் முழுக்க மாதம் 5,000 வெள்ளி ஓய்வூதியம் என்று அரசு அறிவித்திருக்கிறது. 2016இல் போடியம் திட்டம், அதன் பிறகு தங்கத்தை நோக்கிய பாதை என்று இன்னொரு திட்டம். ரியோவில் நான்கு வெள்ளியும் ஒரு வெண்கலமும், டோக்கியோவில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும், பாரிசில் இரண்டு வெண்கலம். 1956இலிருந்து கலந்துகொள்கிறோம், ஒலிம்பிக் தங்கம் இன்னும் வரவில்லை. பாரிசில் பெர்லி டானும் தினா முரளிதரனும் நான்காவது இடத்தில் நின்ற அன்று எத்தனை தமிழ் வீடுகளில் பெருமூச்சு! அந்த இரண்டு பெண்களும் உழைத்த உழைப்புக்கு ஒரு காசு குறைக்கச் சொன்னாலும் நான் சண்டைக்கு வருவேன்.

மற்ற நாடுகளையும் பாருங்கள். நார்வே என்று ஒரு நாடு. மக்கள் தொகை ஐம்பத்தைந்து லட்சம், சிலாங்கூர் மாநிலத்தைவிடக் குறைவு. 1987இலேயே பிள்ளைகள் விளையாட்டுக்கு விதி வகுத்தார்கள். 13 வயதுக்குள் தேசிய வாகையர் போட்டி கிடையாது. அரசு சூதாட்ட நிறுவனத்தின் உபரியில் பெரும்பங்கு விளையாட்டுக்குப் போகிறது, அதில் ஊர்த் திடலும் அரங்கும் கட்டுகிறார்கள். அவர்கள் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் வாங்கினார்கள். அதற்கு முன் எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை வாங்கியது இல்லை. நம் டோட்டோவும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். பிரிட்டன் வேறு பாதை எடுத்தது. 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பிய பிறகு லாட்டரிப் பணத்தைப் பதக்க வாய்ப்பைப் பார்த்துக் கொட்டினார்கள். 2012 லண்டனில் 29 தங்கம். 2014இல் கூடைப்பந்துக்கு நிதியை நிறுத்தினார்கள், ஏழைப் பேட்டைப் பிள்ளைகள் அதிகம் ஆடுகிற ஆட்டம் என்று தெரிந்தும். பதக்கம் கிடைத்தது என்பதால் அந்த முடிவு சரியாகிவிடாது.

எங்கள் ஊருக்கும் ஒரு முறை பணம் வந்தது. 2007 ஏப்ரல் 28 ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தல். வாக்காளர்கள் பன்னிரண்டாயிரம் பேர்தான், அதில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். நாடே இங்கே வந்து கூடாரம் போட்டது. சாலைகளுக்குத் தார் ஊற்றினார்கள், தெருவிளக்கு வந்தது. எங்கள் திடலில் மிச்சம் இருந்த மேற்குப் பாதிக்கும் ஒரு லோரி மணல் வந்து இறங்கியது. யார் அனுப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. வாக்குப்பதிவு முடிந்தது, மணலைப் பரப்ப யாரும் வரவில்லை. அடுத்த மழையில் பாதி கரைந்தது, மீதியைக் கோயில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது காசு ஐம்பது காசாக இருபது வருடம் ஒரு திடலைக் காப்பாற்றிய ஊருக்கு, ஒரே நாளில் வந்த மணல் எதற்கும் உதவவில்லை. அடித்தட்டுக்குத் தேவை ஒரு முறை கொட்டுகிற பணம் இல்லை, மாதாமாதம் கோடு போட ஓர் ஆளும் அவர் நிற்க உரிமையுள்ள நிலமும்.

2011இல் லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக் வழியாகத் திறந்தது. புஞ்சாக் ஆலாம் பக்கம் வீடமைப்புகள் வளர்ந்துகொண்டே வருகின்றன. பேரன் அங்கே ஃபுட்சால் ஆடுகிறான், மணிக்கணக்கில் வாடகை. பத்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு எட்டு வெள்ளி. சேராத வாரம் ஆட்டம் இல்லை. "பாட்டி, உங்க காலத்துல எவ்ளோ?" என்று கேட்டான். ஒரு வீட்டுக்கு ஐம்பது காசு, மாசம் முழுக்க என்றேன். நம்பவில்லை. புத்தகத்தைக் காட்டினேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள், இன்னும் வாழ்கிறவர்கள், பெர்ஜுந்தை பக்கத் தோட்டங்களில் வீட்டுக்காக வருடக்கணக்கில் போராடியவர்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டைக் கேட்கும்போதே திடலையும் கேளுங்கள். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அரசு நிலத்தைப் பொதுப் பயனுக்கென்று ஒதுக்கி அரசிதழில் வெளியிட மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அப்படி வெளியிட்ட திடலில் நினைத்தபடி நாற்று மேடை போட முடியாது. உங்கள் பள்ளிக்குத் திடல் உண்டா, அது யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் ஒரு முறை விசாரியுங்கள். பழைய அணியின் கணக்குப் புத்தகம், படம், கேடயம் எது இருந்தாலும் வீசிவிடாதீர்கள். இங்கே ஒரு திடல் இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது.

மாமாவின் புத்தகத்தில் கடைசி வரவு 1983 ஆகஸ்டு மாதம்: பதினோரு வீடு, ஐந்து வெள்ளி ஐம்பது காசு. செலவுப் பக்கம் காலியாக இருக்கிறது.